ஒரிஜினலும் இல்லை, காயலான் சரக்கும் இல்லை

பழைய ஜீப் வாங்கப் போகிறவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுவது நல்லது. முதல் உரிமையாளர் என்ற இடத்தில் பல வண்டிகளுக்கு ஆள் பெயரே இருக்காது. ஏதாவது ஒரு பதவி இருக்கும்: செயற்பொறியாளர், பொதுப்பணித் துறை, வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட மலேரியா அலுவலர். அரசாங்கத்துக்குப் பதினைந்து, இருபது வருடம் உழைத்துவிட்டு, ஆபீசுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் காற்றிறங்கிய டயரோடு சில வருடம் நின்று, கழிவு செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்த வண்டிகள் அவை. தோட்டக்காரர் எடுத்தார், குவாரிக்காரர் எடுத்தார், மேடைப் பேச்சுக்கும் ஊர்வலத்துக்கும் ஆகுமே என்று கட்சிக்காரர் எடுத்தார். சினிமாவில் சண்டையெல்லாம் முடிந்தபிறகு போலீசை இறக்கிவிட ஒரு ஜீப் வேண்டும் என்று சினிமாக் கம்பெனிக்காரரும் எடுத்திருப்பார்.

அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து நொறுக்கிவிட வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப் இனி எந்தத் தோட்டத்துக்கும் போகாது. இருக்கிற ஜீப்புகளைத்தான் கைமாற்றிக்கொண்டிருக்க வேண்டும். விலை ஏறியதற்கு இது ஒரு காரணம். இன்ஸ்டாகிராம் இன்னொரு காரணம்.

விலை ஏற ஏற வாங்குகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சிக்கு எல்லாமே ஒரிஜினலாக இருந்தாக வேண்டும். ஹெட்லைட் வளையம்கூட அந்த வருடத்துடையதாக இருக்க வேண்டும். இன்னொரு கட்சிக்கு ஜீப் என்றால் யானைக்கால் டயர், கூரை மேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, மேட் கறுப்பு பெயிண்ட். சட்டமும் ஏறத்தாழ இப்படியே இரண்டு அறைதான் வைத்திருக்கிறது. ஐம்பது வயதான, கைபடாத வண்டி என்றால் பாரம்பரியச் சொத்து. மற்றதெல்லாம் கிழட்டு வண்டி. நம் மலைகளில் இன்றைக்கும் சம்பாதித்துக்கொடுக்கும் ஜீப் இந்த இரண்டு அறையிலும் அடங்காது. ஒரு வருடத்து சேஸ், இன்னொரு வருடத்து பாடி, பிறக்கும்போது இல்லாத டீசல் இன்ஜின், ஊர் லேத்தில் கடைந்த புஷ் என்று அது ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஜீப்பை வைத்துக் கட்டிக்காப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அந்த வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிக் கைவைத்து ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி அது. 1940-இல், ஐரோப்பாவில் போர் மூண்டு அமெரிக்கா இன்னும் இறங்காத நேரத்தில், கால் டன் சுமக்கக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். துணிந்து நேரத்துக்குக் கொடுத்தது பாண்டம் என்ற, கிட்டத்தட்ட மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறு கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களில் வரைந்து கொடுத்த வரைபடம். செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமுக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. பாண்டத்தால் இத்தனை வண்டி செய்ய முடியாது என்று ராணுவம் ஆர்டரை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது தனிச் சோகக் கதை. போர் முடிவதற்குள் இந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து செய்தவை ஆறு லட்சத்துக்கு மேல். வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டியில் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. குண்டு விழுந்த இரண்டு வண்டியை உருவி ஒரு வண்டியாக்கத் தெரிந்த சிப்பாய்கள் போதும், போர் நடந்துவிடும். ஒரிஜினல் பேசுகிற அன்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நம் ஊருக்கு அது வந்த கதையும் சுவையானது. 1945-இல் எஃகு வியாபாரத்துக்காக மஹிந்திரா அண்டு முகம்மது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார். இங்கே கம்பெனி மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிக் கூட்டத் தொடங்கி, பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தார்கள். நிலைத்தது சி.ஜே. 3பி மாடல். 1953-இல் அமெரிக்காவில் வந்த அந்த வண்டிக்கு ஹரிக்கேன் என்ற புது இன்ஜின். உள்ளிழுக்கும் வால்வை மேலே ஹெட்டில் வைத்ததால் இன்ஜின் உயரமாகிவிட, பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள். நெற்றி பெருத்துப்போச்சு என்று அங்கே முகம் சுளித்தார்கள், 1968-இல் நிறுத்தியும்விட்டார்கள். நமக்கோ அந்தத் தூக்கிய நெற்றிதான் ஜீப்பின் முகம். மஹிந்திராவின் சி.ஜே. 340, எம்.எம். 540 எல்லாம் இந்தக் குடும்பம்தான். 2010-இல் வந்த முதல் தாரும் இதே வம்சம். வம்சம் எவ்வளவு நெருக்கம் என்றால், 2018-இல் ராக்ஸர் என்று ஒரு வண்டியை மஹிந்திரா அமெரிக்காவிலேயே போய் விற்க, ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த கம்பெனி 'எங்கள் முகத்தைத் திருடிவிட்டார்கள்' என்று வழக்குப் போட்டது. முன்பக்கத்தை மாற்றிய பிறகே ராக்ஸரைத் தொடர்ந்து விற்க முடிந்தது.

இந்தத் தொடர்ச்சியால் நமக்குக் கிடைத்த லாபம் ஸ்பேர் பார்ட்ஸ். அமெரிக்காவில் 1950-களின் வண்டி வைத்திருப்பவர் அதற்கென்றே இருக்கும் சில கடைகளில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ ஒரு மத்தியானம் அலைந்தால் ஆக்சில் முதல் பானெட் கொக்கி வரை கைக்குக் கிடைக்கும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். அந்த விஷயத்தில் கோவையை அடுத்து வைத்திருப்பவர் பாக்கியசாலி.

மலை ஏறும் வண்டிகள்

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் நின்று பாருங்கள். எல்லை தாண்டி இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக போடிமெட்டும் கம்பமெட்டும் குமுளியும் ஏறும். மேஜர், கமாண்டர் என்று நீளமான வண்டிகள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருமடங்கு ஆள். இதில் அழகு பார்க்க ஒன்றும் இல்லை. இந்த மலைப்பாதையில் ஜீப் உருண்டு கூலித் தொழிலாளர்கள் செத்த செய்திகள் வராத வருடம் குறைவு. ஆனால் பழைய ஜீப் ஏன் சாகவில்லை என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. தோட்டத்துக்குள் போகும் பாதை பாதையே அல்ல; மழை அறுத்த பாறைப் படி. பஸ் போகாது, வேன் போகாது, புது எஸ்.யு.வி.யை வாங்கியவர் அங்கே கொண்டுபோக மனம் ஒப்பமாட்டார்.

கொழுக்குமலை இன்னும் நல்ல உதாரணம். ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில், தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கிற தேயிலைத் தோட்டம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும். சூரிய உதயம் பார்க்க இருட்டில் புறப்படுகிற சுற்றுலாப் பயணிகள் பின்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடவுளை நினைக்கிற பாதை. அந்த வழியில் டிரைவரின் காலைக் கவனித்தால் ஒன்று தெரியும்: இறக்கத்தில் அவர் பிரேக்கை அதிகம் தொடுவதில்லை. லோ கியரில் போட்டுவிட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

லோ கியர் என்பது இந்த வண்டியின் உயிர்நாடி. கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. பழைய வில்லிஸ் வகைகளில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டி லீவர்கள் நிற்கும். ஒன்று முன் ஆக்சிலை இணைக்க, ஒன்று லோ போட. சி.ஜே. 3பி-யில் முதல் கியரும் லோவும் சேர்ந்தால் இன்ஜின் ஏறத்தாழ 37 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எழுபது சொச்சம் குதிரைத்திறன்தான் அந்த இன்ஜினுக்கு. இன்றைய சாதாரண கார் அதைவிட அதிகம் வைத்திருக்கிறது. 37 மடங்கு பெருகும் இழுவைக்கு முன்னால் அந்தக் கணக்கு நிற்காது.

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் பெரிய தப்பும் இதில்தான் நடக்கும். வாங்கிய சந்தோஷத்தில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் போவார்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இடது வலது வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒவ்வொரு ஆக்சிலிலும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன் பின் வித்தியாசத்தைச் சரிக்கட்ட இந்த ஜீப்பில் எதுவும் கிடையாது. மண்ணில், சேற்றில், ஜல்லியில் சக்கரம் லேசாக வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க வழி இல்லாததால் முறுக்கு உள்ளே ஏறுகிறது. ஸ்டியரிங் கல்லாகும். லீவரை எடுக்கப் பார்த்தால் வராது. வலுக்கட்டாயமாக ஓட்டினால் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸோ, கிரவுன் பினியனோ எது பலவீனமோ அது போகும். விஷயம் தெரிந்தவர்கள் வண்டியைக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்து, முறுக்கு தளர்ந்ததும் லீவரை விரல் நுனியால் எடுத்துவிடுவார்கள்.

சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும்

போடியில் ஒரு பட்டறை. கோவையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், பேசி முடித்துவைத்த எம்.எம். 540-ஐக் காட்ட வந்திருந்தார். பெயிண்ட் பளபளத்தது. சீட்டுக்குப் புது ரெக்சின். மெக்கானிக் அறுபதை நெருங்குகிறவர். பெயிண்ட் பக்கம் திரும்பவே இல்லை. சின்ன சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, சேஸை முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர். பின்பக்கப் பட்டை மாட்டும் ஹேங்கருக்குப் பக்கத்தில் 'மொத்' என்றது. அங்கே நிறுத்தி, பெயிண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே பட்டியும் துருவும்.

அடுத்து ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தால் கிங் பின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நாற்பது ஐம்பது வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல் உதறும் நோய்க்கு இது ஒரு காரணம். பையனை ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதும் ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே ஒவ்வொரு பால் ஜாயிண்டாகக் கைவைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே வைத்தார். புகை குபுகுபுவென்று கையை முட்டவில்லை, ரிங் பரவாயில்லை. கடைசியாக ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"வண்டி எப்படிண்ணே இருக்கு?"

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு தம்பி. சேஸுல ஒரு எடம் வெட்டி வெல்டு வைக்கணும். அத விடுங்க. வாரத்துக்கு ஒரு நா நீங்க இதுக்குக் கீழ படுப்பீங்களா? அதச் சொல்லுங்க."

இளைஞர் சிரித்தார். மெக்கானிக் விளையாட்டாகக் கேட்கவில்லை. இந்த வண்டிகளுக்குக் கீழே ஷேக்கிள், ஸ்டியரிங், ஷாஃப்ட் கிராஸ் என்று ஏகப்பட்ட கிரீஸ் நிப்பிள்கள். புது கார்களில் இந்த இடங்களையெல்லாம் வாழ்நாளுக்கும் சேர்த்து சீல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். போனால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். ஜீப்பில் கன் பிடித்துப் பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே பிதுங்கிப் புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். அடித்தால் முப்பது வருடம் உழைக்கும். அடிக்காவிட்டால் ஒரு மழைக்காலம் போதும்.

ஓடை கடந்தால் வேலை கூடுதல். ஓடிச் சூடாக இருக்கிற ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வரும். வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பேரிங் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பதால் தண்ணீரை விட்டு ஏறியதும் மிதியை லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவைப்பது டிரைவர்களுக்கு அனிச்சையாகிவிட்ட பழக்கம்.

பிரேக் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், ஒரிஜினல் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும். பழைய சி.ஜே. வகைகளில் பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பில் போகிறது. எங்காவது ஒரு பைப் வெடித்தால் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக்கோ சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஷாஃப்ட் கழன்றால் அதுவும் இல்லை. மலைப்பக்க மெக்கானிக்குகள் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் வேக்வம் பூஸ்டரும் போட்டு இதைச் சரிசெய்துவிடுவார்கள். வண்டியின் சரித்திர மதிப்பு கெட்டுவிடும். ஏறி உட்காரும் ஆள் பிழைப்பார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இன்ஜின் மாற்றம்

பெட்ரோல் ஜீப்பை டீசலாக்குவது ஒரு காலத்தில் குடிசைத் தொழில் மாதிரி நடந்தது. ஹரிக்கேன் இன்ஜின் ஓட இனிமையானது. மலை ஏற்றத்தில் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். ராணுவத்திலிருந்து வந்த ஜோங்கா இன்னும் மோசம். நிஸான் பேட்ரோலை உரிமம் பெற்று ஜபல்பூரில் செய்த அந்த வண்டிக்கு நாலு லிட்டர் அளவுக்கு ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஏலத்தில் சல்லிசாகக் கிடைத்ததே என்று எடுத்தவர்கள் முதல் மாத பெட்ரோல் பில்லைப் பார்த்துவிட்டு டீசல் இன்ஜின் தேடி அலைந்தார்கள்.

மஹிந்திராவே அந்த வழியில்தான் போனது. முதலில் தன் டிராக்டர் குடும்பத்து டீசல் இன்ஜினை ஜீப்பில் வைத்துப் பார்த்தது; பிறகு பிரான்சின் பியூஜோவிடம் உரிமம் வாங்கி 2,112 சி.சி. டீசல் இன்ஜினைச் செய்தது. எம்.எம். 540 ஓடியது அதில்தான். குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுமையாக இருந்தால் கிளம்பிவிடும். சூட்டைத்தான் தாங்காது, ரேடியேட்டர் அடைத்து ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் வளைந்தோ விரிசல் விட்டோ செலவு வைக்கும். ஆகவே இந்த வண்டி வைத்திருப்பவர் வேறு எந்த மீட்டரைப் பார்க்காவிட்டாலும் டெம்பரேச்சர் மீட்டரைப் பார்த்தாக வேண்டும். அதற்கும் பிறகு வந்த 2,523 சி.சி. டிஐ இன்ஜின் முரட்டுச் சத்தம், முரட்டு உழைப்பு. பொலிரோவிலும் அது வந்ததால் ஸ்பேர் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். பெட்ரோல் ஜீப்பிலும் பியூஜோ ஜீப்பிலும் இந்த இன்ஜினைத் தூக்கி வைத்த வண்டிகள் மலைப்பக்கம் நிறைய.

இதே கதை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே இன்னொரு வண்டிக்கு நடந்திருக்கிறது. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூ சிகரத்துக்கு ஏறும் முப்பது சொச்சம் கிலோமீட்டர் பாதையில் 1950-களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் 1948-இல் பிறந்த லேண்ட் ரோவருக்கு அலுமினியக் கலவையில் பாடி போட்டார்கள். இமயமலை மழையில் அது துருப்பிடிக்காமல் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் பல வண்டிகளில் மஹிந்திரா டீசல் இன்ஜின். லண்டனிலிருந்து வரும் லேண்ட் ரோவர் பக்தர்கள் முதலில் திகைத்து, பிறகு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எந்த அறையில் சேர்ப்பது?

சட்டம் போட்டோ எடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாகச் சொன்னது. இன்ஜினை மாற்ற வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கி, மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் பலர் ஏற்றினார்கள். சிலர் புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். இன்று வாங்குகிறவர் தலையில் விடிவது அந்தச் சிலருடைய சோம்பேறித்தனம். போடிக்கு வந்த இளைஞரின் ஜீப்பில் பிளாக்கில் குத்தியிருந்த நம்பரும் ஆர்.சி.யில் இருந்த நம்பரும் வேறு. விற்பவர் "அதெல்லாம் எஃப்.சி.யில யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றார். மெக்கானிக் தலையைத் தூக்காமலேயே "ஆர்.சி.ய சரிபண்ணிக் குடுத்துட்டு அப்புறம் துட்ட வாங்குங்க" என்றார். பேச்சு அன்றைக்கு அங்கேயே நின்றது.

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபின் ஐந்து ஐந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக ஏற்றினார்கள். 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் 10,000 ரூபாயாக்கினார்கள். அதற்கு மேல் பசுமை வரி, இன்ஷூரன்ஸ். டெல்லியில் இருப்பதுபோல் வயதைக் காரணம் காட்டி ஓட்டவே கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

பாரம்பரிய வாகனம் என்ற தனி வகையை 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல காரியம்தான், நிபந்தனையைப் படிக்கும்வரை. வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் வெளியே எடுக்கலாம். உழைக்காத வண்டிக்கு மட்டுமே கிடைக்கிற மரியாதை இது. கல்யாண மண்டப வாசலில் நிறுத்தி அழகு பார்க்கிற வில்லிஸுக்குப் பொருந்தும். மாற்றி மாற்றிக் கட்டி ஏலமூட்டை சுமக்கிற ஜீப்புக்கு 70 வயதானாலும் பொருந்தாது.

பழைய வண்டி புகை கக்குகிறது, பாதுகாப்பில்லாதது என்கிற வாதத்தை நான் மறுக்கமாட்டேன். காற்றுப்பை இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பல வண்டிகளில் சீட் பெல்ட்கூடக் கிடையாது. ஹைவேயில் குடும்பத்தோடு போக இது வண்டியே அல்ல. அப்படி ஆசைப்படுகிறவர்கள் புது தாரை வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் பராமரித்த பழைய ஜீப்பையும் பராமரிக்காத பழைய ஜீப்பையும் பிறந்த தேதியை வைத்து ஒன்றாகத் தள்ளுவதில் என்ன நியாயம்? ஆட்டோமேட்டிக் சோதனை மையங்களை நாடு முழுக்கக் கட்டுகிறார்கள். அங்கே பிரேக்கை உருளைமேல் ஏற்றி அளக்கிற மெஷின் இருக்கிறது, புகையை அளக்கிற மெஷின் இருக்கிறது, ஸ்டியரிங் ஆட்டத்தைப் பார்க்க வழி இருக்கிறது. மெஷின் பொய் சொல்லாது, ஏலத்தில் எடுத்ததா என்று கேட்காது. இன்ஜின் மாற்றத்தையும் பிரேக் மாற்றத்தையும் ஒரு முறை ஒழுங்காகப் பதிவுசெய்துகொள்ள வாய்ப்புக் கொடுத்துவிட்டு, வருடா வருடம் அந்த மெஷின்மேல் ஏற்றச் சொல்லலாம். தேறாத வண்டியை உடைப்பு மையத்துக்கு அனுப்புங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. தேறிய வண்டிக்கு ஆர்.சி.யில் ஒரு முத்திரை வைத்துக் கொடுத்தால் போதும். மிச்சத்தை போடி பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார்.